மலைச்சரிவில் தூரம் தெரியாத தகடுகள்: எந்த லேசர் தூரமானியை வாங்குவது?

கேள்வி

வணக்கம். இங்கிலாந்தின் சரே பகுதியில் வசிக்கும் நான், மூன்று ஆண்டுகளாக பிஸ்லி துப்பாக்கிச் சுடுதல் மையத்தில் .308 வின்செஸ்டர் ரைபிளில் இலக்குச் சுடுதல் பழகி வருகிறேன். அங்கே ஸ்டிக்கிள்டவுன் தளத்தில் 1000 கஜம் என்றால் அது அளந்து வைத்த 1000 கஜம்தான். ஆகவே தூரத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. சென்ற மாதம் வேல்ஸ் மலைச்சரிவில், தூரம் அறிவிக்கப்படாத எஃகுத் தகடுகளைச் சுடும் பயிற்சிக்கு, கோல்ஃப் ஆடும் நண்பரிடம் தூரமானியை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். ஒரே தகட்டுக்கு ஒரு முறை 590 என்றும் அடுத்த முறை 642 என்றும் அது காட்டியது. மேட்டில் இருந்த தகட்டுக்கு அது சொன்ன அளவை ஸ்கோப்பில் (ரைபிளின் குறிநோக்கித் தொலைநோக்கியில்) வைத்துச் சுட்டால், குண்டுகள் அத்தனையும் தகட்டைத் தாண்டி மேலே போயின. 2000 கஜம் வரை அளக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் கருவியை வாங்கினால் இது தீருமா?

பதில் 1

தம்பி, மேட்டுத் தகட்டின் கோளாறு கருவியின் வலிமையைச் சார்ந்தது அன்று. கோல்ஃப் கருவியின் சரிவுக் கணக்கு, மேட்டை நோக்கி அடிக்கும்போது பந்தை வலுவாக அடிக்க வேண்டும் என்பதற்காகத் தூரத்தைக் கூட்டிக் காட்டும். ரைபிளுக்கு இது நேர் எதிர். மேட்டுக்குச் சுட்டாலும் பள்ளத்துக்குச் சுட்டாலும், புவியீர்ப்பு குண்டை இழுப்பது ஏறத்தாழ கிடைமட்டத் தூரத்துக்கே என்று கொள்ள வேண்டும். 20 பாகைச் சரிவில் 600 மீட்டர் இருக்கும் தகட்டுக்கு 564 மீட்டர் என்று வைத்துத்தான் சுட வேண்டும். 600 என்று வைத்தாலே குண்டு சுமார் 30 சென்டிமீட்டர் மேலே போகும். அதற்கும் மேல் கருவி கூட்டிச் சொன்னால் தகடு எப்படிப் படும்? நண்பரின் கருவி கஜத்தில் காட்டியதா, மீட்டரில் காட்டியதா என்பதையும் பாருங்கள். 900 கஜம் என்பது 823 மீட்டர்தான்.

பதில் 2

590க்கும் 642க்கும் இடையில் தாவுவதற்குக் காரணம் ஒளிக்கற்றையின் அகலம் என்று நினைக்கிறேன். கற்றை ஒரு மில்லிரேடியன் விரிந்தால் 1000 மீட்டரில் ஒரு மீட்டர் அகலமாகிவிடும். 2.5 மில்லிரேடியன் விரியும் கற்றை 600 மீட்டரில் ஒன்றரை மீட்டர் ஆகிறது. உங்கள் தகடோ அரை மீட்டர்கூட இராது. மிச்ச ஒளி முன்னே உள்ள புல்லிலோ பின்னே உள்ள மண்மேட்டிலோ பட்டுத் திரும்பும். கோல்ஃப் கருவி கொடிக்கம்பைப் பிடிப்பதற்காக முதலில் திரும்பும் எதிரொளியையே எடுத்துக்கொள்ளும் என்பதால், சில வேளைகளில் புல்லின் தூரமே உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் 2000 கஜம் பெரும்பாலும் பளபளப்பான பிரதிபலிப்பானுக்கு உரியது. வெயிலில், கறுத்த தகட்டுக்கு, அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். குண்டின் சிதறல்கள் தரையை நோக்கிப் போவதற்காகத் தகட்டை முன்சாய்த்துத் தொங்கவிடுவதால், ஒளியின் பெரும்பகுதியும் தரைக்கே போய்விடுகிறது. ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது கற்றை எத்தனை மில்லிரேடியன் என்பதை. உச்சத் தூரத்தைப் பிறகு கேட்கலாம். பல கருவிகளில் கற்றை நீள்சதுரமாக இருக்கும். அதன் நீண்ட பக்கம் கிடையாக இருந்தால் நல்லது, ஏனெனில் செங்குத்தாக இருந்தால் தகட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள நிலத்தையெல்லாம் அது அள்ளிக்கொண்டு வரும். கையில் இருக்கும் கருவியையே பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து அளந்து பாருங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. கருவி கஜத்தில்தான் இருந்தது. நான் மீட்டர் என்று எண்ணிச் சுட்டிருக்கிறேன். சரிவுக் கணக்கும் இயங்கிக்கொண்டிருந்தது. இவற்றைச் சரிசெய்த பிறகும், கருவியின் குறிவட்டம் காட்டும் இடத்தில்தான் கற்றை படுகிறதா என்று எப்படி அறிவது?

பதில் 2

வானத்தைப் பின்னணியாகக் கொண்ட புகைபோக்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கருவியை முக்காலியில் பொருத்தித் தொடர் அளவீட்டில் வையுங்கள். குறிவட்டத்தை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தி, எண் எங்கே தோன்றி எங்கே மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாகவும் அவ்வாறே செய்யுங்கள். கற்றை எந்தப் பக்கம் விலகியிருக்கிறது, எவ்வளவு அகலம் என்ற இரண்டும் அதிலேயே தெரிந்துவிடும். புதுக் கருவியையும் இப்படிச் சோதிக்காமல் நம்ப வேண்டாம்.

பதில் 1

வாங்குவதென்றால் கற்றை குறுகியதும், கடைசி எதிரொளியை எடுக்கும் முறை உள்ளதும், சாய்கோணத்தைத் தனியாகக் காட்டுவதுமான கருவியைப் பாருங்கள். லேசரின் அலைநீளம் 905 நானோமீட்டராக உள்ள வகையே உங்களுக்குப் போதும். 1550 வகை கண்ணுக்குப் பாதுகாப்பாகவே கூடுதல் ஆற்றலில் இயங்கினாலும் விலை மிக அதிகம். அந்தப் பணத்தில் ஒரு பங்கை நல்ல முக்காலிக்குச் செலவிடுங்கள். 900 மீட்டரில் 10 மீட்டர் பிழை என்பது .308க்குச் சுமார் 20 சென்டிமீட்டர் உயர வேறுபாடு. கை நடுக்கத்தில் மண்மேட்டை அளந்தால் அந்தப் பிழை எளிதில் வந்துவிடும்.

கேட்டவர்

எதிர்வீட்டுப் புகைபோக்கியில் இன்று காலை சோதித்தேன். குறிவட்டத்தின் நடுவில் எண் வரவில்லை. அதன் வலது விளிம்பு புகைபோக்கியைத் தொடும்போதுதான் வந்தது. கருவியை நண்பரிடம் திருப்பிக் கொடுக்கும்போது இதையும் அவரிடம் சொல்லிவிடுகிறேன்.