ஜிகாம்ப்ரி போட்டுக் கொடுத்தும் பள்ளியில் யாரும் தொடுவதில்லை, உதவுங்கள் (அவசரம்)

வடவாற்றுக்காரன்
வணக்கம். மன்னார்குடி பக்கம் மூன்று பள்ளிகளின் கணினிகளில் லினக்ஸும் (விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம்), ஜிகாம்ப்ரியும் (பிள்ளைகளுக்கான கல்வி விளையாட்டு மென்பொருள்) போட்டுக் கொடுத்தோம். சுற்றுவட்டாரத்தில் இதற்கென்று ஒரு ஆர்வலர் குழு உருவாக்குவதுதான் திட்டம். முதல் கூட்டத்துக்கு 14 பேர் வந்தார்கள், இரண்டாவதற்கு 5. போன முறை நானும் டீக்கடைக்காரரும்தான். பள்ளியில் கேட்டால் "சிஸ்டம் ஓடலை சார்" என்கிறார்கள். ஜிகாம்ப்ரியில் பேசும் குரலும் வரவில்லையாம். என்ன செய்யலாம்? இன்றிரவு மன்னை எக்ஸ்பிரஸ் ஏறுகிறேன், அதற்குள் சொன்னால் நல்லது.

கொள்ளிடக்கரை
தொடக்கப் பள்ளியா, உயர்நிலையா? என்ன லினக்ஸ்? ரேம் எவ்வளவு? "ஓடலை" என்றால் கரண்டே ஏறவில்லையா, திரை கறுப்பாக நிற்கிறதா, உள்ளே போய்த் தொங்குகிறதா? இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

வேர்ப்பயனர்
இந்தக் கேள்வி வருடத்துக்கு நாலு முறை வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் பார்த்துவிட்டு வரும் பழக்கம் யாருக்கும் இல்லை. பழைய பெட்டியில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை ஏற்றியிருப்பீர்கள், அது மூச்சுத் திணறும். டெபியன் என்ற வகையைப் போடுங்கள். முடிந்தது.

பாமணியார்
அவர் இன்னும் எந்தப் பெட்டி என்றே சொல்லவில்லை, அதற்குள் மருந்தா? பழைய 32 பிட் செயலி உள்ள பெட்டியாக இருந்தால் டெபியன் 13-ல் அதற்கு நிறுவியே (ஏற்றித் தரும் மென்பொருள்) கிடையாது, தெரியுமல்லவா?

சம்பா_நாத்து
கூட்டம் எந்த மாதம், எத்தனை மணிக்கு? ஐப்பசி ஞாயிறு சாயங்காலம் என்றால் எங்கள் ஊரில் ஈ காக்கை வராது. நடவு முடிந்து களை பறிக்கும் நேரம், மழை வேறு. கோட்டூரிலிருந்து வருகிறவருக்குத் திரும்பிப் போக பஸ் வேண்டும். நீங்கள் டவுனில் கூட்டம் வைத்திருப்பீர்கள் என்பது என் ஊகம். தை அறுவடை முடியட்டும்.

வடவாற்றுக்காரன்
ஒன்றிய நடுநிலைப் பள்ளி 2, தொடக்கப் பள்ளி 1. லினக்ஸ் மின்ட் 21. ரேம் 2 ஜிபி. கூட்டம் மன்னார்குடியில், ஞாயிறு 5 மணி. விழுப்புரம் தாண்டிவிட்டேன், சிக்னல் வந்து வந்து போகிறது.

பாமணியார்
மின்ட் 21 ஏறியிருக்கிறது என்றால் 64 பிட்தான். டெபியன் பேச்சை விடலாம். குரல் விஷயத்துக்கு ஒன்று கேட்கிறேன்: கணினியில் தேதி சரியாக இருக்கிறதா? தாய்ப்பலகையில் இருக்கும் காசு மாதிரி பேட்டரி செத்துப்போனால், ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போய்விடும். ஜிகாம்ப்ரியில் அந்தந்த மொழிக் குரல் தனிக் கோப்பு, இணையத்திலிருந்து இறங்க வேண்டும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று இணைப்பே அறுந்துவிடும். முதலில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். அதில் பேசினால் ஸ்பீக்கர் மேல் பழி இல்லை. 2032 என்ற எண் போட்ட பேட்டரி வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

வேர்ப்பயனர்
பேட்டரியா பிரச்சினை? பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2001-ல் ஐடி அட் ஸ்கூல் என்ற அரசுத் திட்டத்தைத் தொடங்கினார்கள், பள்ளிகளையெல்லாம் லினக்ஸ் மாதிரி கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியே விட்டார்கள். நமக்கு ஆர்வம் இல்லை, அவ்வளவுதான்.

கொரடாச்சேரி_டீச்சர்
ஐயா, அங்கே பத்தாம் வகுப்பில் ஐடி செய்முறைத் தேர்வே லினக்ஸில்தான். ஆசிரியருக்குப் பயிற்சி, பிள்ளைக்கு மதிப்பெண், இரண்டும் இருந்தது. ஆர்வத்தை மட்டும் நம்பி யாரும் ஒன்றும் செய்யவில்லை. நம்மிடமும் 2011-ல் கொடுக்க ஆரம்பித்த இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸும் வந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் கை தூக்குங்கள்.

தம்பி வடவாற்றுக்காரரே, உங்களிடம் ஒரே கேள்வி. அந்தக் கணினிகளின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?

ஏன் கேட்கிறேன் என்றால், நான் முன்பு இருந்த பள்ளிக்கும் ஒரு பொறியாளர் தம்பி இப்படித்தான் போட்டுக் கொடுத்தார். நல்ல பிள்ளை. பிள்ளைகளும் ஒரு மாதம் விளையாடினார்கள். ஒருநாள் திரை கடவுச்சொல் கேட்டது. போன் போட்டோம், அவர் வெளிநாட்டில். தலைமையாசிரியர் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். இரண்டு வருடம் அந்தத் துண்டைத்தான் துவைத்துப் போட்டோம். ஏதாவது அமுக்கிக் கெட்டுப்போனால் இருப்புப் பதிவேட்டில் யார் கையெழுத்து இருக்கிறதோ அவர் தலையில் விழும். அதனால் "ஓடலை சார்" என்று சொல்வது ஆசிரியருக்குப் பத்திரமான பதில். உண்மையில் யாரும் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

டவுனில் கூட்டம் வேண்டாம். பள்ளியிலேயே, மணி அடித்தவுடன் அரை மணி நேரம் வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு அம்மாவைக் கூப்பிடுங்கள். திறக்க, மூட, மறுபடி நிறுவ ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுங்கள். எட்டாம் வகுப்பை நம்பாதீர்கள், ஜூனில் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

சம்பா_நாத்து
டீச்சர் சொன்னது சரி. கூடவே பிள்ளைகளுக்குத் தமிழ்99 விசைப்பலகையும் சொல்லிக்கொடுத்தால் குழுவில் ஒரு வேலை கிடைக்கும், ஜிகாம்ப்ரி மொழிபெயர்ப்பில் விட்டுப்போன வரிகளை அவர்களே நிரப்பலாம்.

வேர்ப்பயனர்
தமிழ்99-ஆ? இந்தக் காலத்தில்? எல்லாரும் போனில் அம்மா என்பதை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள்.

சம்பா_நாத்து
ஆங்கில வழியில் அதற்கு ammaa என்று ஐந்து தட்டு. தமிழ்99-ல் அ, ம, ம, ஆ, நான்கே தட்டு, புள்ளி தானாக விழும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கில எழுத்து வழியாகத் தமிழ் எதற்கு?

வேர்ப்பயனர்
ஒரு தட்டு மிச்சம் பிடித்து என்ன கட்டப் போகிறீர்கள், கல்லணையா?

பாமணியார்
கல்லணையும் கல்மேல் கல்லாகத்தான் எழும்பியிருக்கும். இருவரும் தனி இழை திறந்துகொள்ளுங்கள், புண்ணியமாகப் போகும்.

கொள்ளிடக்கரை
கேட்டவர் எங்கே? டீச்சர் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வடவாற்றுக்காரன் (ஒன்பது நாள் கழித்து)
மன்னிக்கவும், வேலை. கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான் இருந்தது. மூன்று பள்ளிக்கும் ஒரே சொல், யாருக்கும் கொடுத்ததில்லை. இப்போது எழுதி மானிட்டருக்குப் பின்னால் ஒட்டியாச்சு. ஒரு பள்ளியில் தேதி 2012 காட்டியது, பேட்டரி மாற்றியதும் குரல் வந்தது. வெள்ளிக்கிழமை அங்கே கூட்டம். 7 பேர், அதில் 4 பேர் ஆறாம் வகுப்பு. நன்றி டீச்சர், நன்றி பாமணியார்.

வேர்ப்பயனர்
கடவுச்சொல்லை மானிட்டரிலேயே ஒட்டுவதா? பாதுகாப்பு என்ற வார்த்தையைக் கேள்விப்பட்டதுண்டா?

கொரடாச்சேரி_டீச்சர்
துண்டைவிட அது மேல்.

கொள்ளிடக்கரை
மற்ற இரண்டு பள்ளி என்ன ஆயிற்று? தொடக்கப் பள்ளியில் ஆறாம் வகுப்பே கிடையாதே, அங்கே யாரிடம் கொடுத்தீர்கள்?