கையில வச்ச இம்ப்ளான்ட் மேல நகர்ந்த மாதிரி இருக்கு, யாருக்காவது இப்படி ஆச்சா?

லெஸ்டர்_மீனு:
ரெண்டாவது பாப்பா பொறந்து நாலாவது மாசம் இங்க யூகேல ஒரு க்ளினிக்ல இடது கையில கருத்தடை இம்ப்ளான்ட் வச்சேன், நெக்ஸ்பிளனான் தான், தீக்குச்சி நீளத்துக்கு ஒன்னு இருக்குமே அது. வச்ச உடனே அந்த நர்ஸ் என் விரலை புடிச்சு தடவ வச்சு ரெண்டு முனையும் தெரியுதான்னு கேட்டாங்க, நல்லாவே தெரிஞ்சுது. ஊசி போட்ட தழும்பு முழங்கைக்கு மேல உள்பக்கமா இருக்கு, குச்சியோட கீழ் முனை அந்த தழும்பை ஒட்டினாப்ல தான் இருந்துச்சு. இப்ப எட்டு மாசம் ஆச்சு. நேத்து குளிக்கும்போது தடவினா தழும்புக்கும் முனைக்கும் நடுவுல ஒரு விரலுக்கு மேலயே இடைவெளி இருக்கு, அக்குள் பக்கமா ஏறின மாதிரி, முன்ன நேரா நின்னது இப்ப லேசா சாஞ்ச மாதிரியும் இருக்கு. இதுக்கு நடுவுல நான் 9 கிலோ குறைஞ்சிருக்கேன், அதனாலயா தெரியல. இன்னொன்னு ஒத்துக்கணும், டிவி பார்க்கும்போது அதை உருட்டிட்டே இருக்கிற பழக்கம் எனக்கு இருக்கு, வீட்டுக்காரர் திட்டிட்டே இருப்பார்.

மாமியார் வீடியோ கால்ல கேட்டுட்டு அது இதயத்துக்கு போயிடும் உடனே எடுத்துடுன்னு ஒரே புலம்பல். ஜிபி (குடும்ப டாக்டர்) ரிசப்ஷன்ல கேட்டா மூணு வாரம் கழிச்சு தான் டேட்டுங்கறாங்க. வெயிட் பண்ணலாமா இல்ல எமர்ஜென்சிக்கு போகணுமா? ராத்திரி பூரா தூக்கமே இல்ல.

சுடர்83:
ஐயோ சிஸ் லேட் பண்ணாதீங்க, ஒருத்தருக்கு லங்ஸ்க்கே போயிடுச்சுன்னு ஒரு வீடியோல பார்த்தேன், நான்லாம் அதனாலயே காப்பர் டி வச்சிக்கிட்டேன்

ஹாரோ_ராணி:
தங்கச்சி பயப்பிடாதேங்கோ, முதல்ல வடிவா தடவிப் பாருங்கோ, ரெண்டு முனையும் தட்டுப்படுதோ எண்டு. தட்டுப்படுது எண்டா அது கைக்குள்ளதான் கிடக்கு, எங்கயும் ஓடேல்லை.

என்ர கதையைக் கேட்டா சிரிப்பீங்கள். 2020ல நான் முதல் முதல் போடேக்க எனக்கு ஒண்டும் தெரியாது, ஊரில என்ர தங்கச்சிக்கு வச்சது ஜடெல், அது ரெண்டு குச்சி, தோலுக்குக் கீழ வி எழுத்து மாதிரி விரிஞ்சு நிக்கும், 5 வருசத்துக்கு வேலை செய்யும். நான் இஞ்ச எனக்கும் ரெண்டுதான் வச்சிருக்கினம் எண்டு நினைச்சுக்கொண்டு வீட்ட வந்து தடவிறன், ஒண்டுதான் தட்டுப்படுது! மற்றது துலைஞ்சு போச்சு எண்டு அண்டைக்கு இரவு முழுக்க அழுகை, மனிசன் டோர்ச் லைட் அடிச்சுக் கையைப் பாக்கிறார். விடிய க்ளினிக்குக்கு ஃபோன் அடிச்சா அந்தப் பிள்ளை சிரிச்சுப்போட்டு சொல்லுது உங்களுக்கு வச்சதே ஒண்டுதான் எண்டு. அதால சொல்லுறன், ஜிபியை விடுங்கோ, எங்க வச்சவையோ அங்கயே நேர எடுத்துக் கதையுங்கோ, அவையள் கெதியாப் பாப்பினம்.

திருச்சி_நர்ஸ்:
நான் இங்க குடும்பக்கட்டுப்பாட்டு க்ளினிக்ல தான் வேலை பார்க்கறேன், வாரத்துக்கு ஒருத்தராவது இதே கேள்வியோட வருவாங்க, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

மீனு, குச்சி 4 செ.மீ நீளம், 2 மி.மீ தடிமன், அதுல 68 மி.கி எட்டோனோஜெஸ்ட்ரெல்ங்கற ஹார்மோன். அதை தோலுக்கு கீழ இருக்கிற கொழுப்புல தான் வைக்கிறோம், தசைக்குள்ள இல்ல. கொஞ்ச நாள்ல உடம்பே அதைச் சுத்தி மெல்லிசா ஒரு உறை கட்டிக்கும். அப்படியும் வச்ச இடத்துல இருந்து கொஞ்சம் நகரலாம், பெரும்பாலும் 2 செ.மீ.க்கு உள்ள தான். எடை குறைஞ்சா கொழுப்பு குறையும், முன்ன பட்டும் படாம இருந்தது இப்ப எலும்பு மாதிரி துருத்திக்கிட்டு தெரியும், அதுவே இடம் மாறின மாதிரி ஒரு நினைப்பை கொடுக்கும். ஆனா உருட்டற பழக்கத்தை இன்னைக்கே விடுங்க, கையால அமுக்கி தள்ளறது, மோதி விளையாடற ஆட்டம் இதெல்லாம் கூட குச்சி நகர காரணம்னு மருந்தோட குறிப்புலயே போட்டிருக்கு. வளைஞ்சும் போகலாம், உடைஞ்சும் போகலாம். உடைஞ்சாலும் வேலை செய்யறது நின்னுடாது, எடுக்கும்போது எல்லா துண்டும் வெளிய வந்துச்சான்னு பார்க்கறது தான் பெரிய பாடு.

சுடர், நீங்க சொன்ன நுரையீரல் விஷயம் பொய் இல்ல, நடந்திருக்கு. ஆனா ரொம்ப ரொம்ப அபூர்வம், வைக்கும்போதே ஆழமா போயி ரத்தக்குழாய்க்குள்ள இறங்கினா அந்த ரத்த ஓட்டத்தோட போகும். அதனால தான் இங்க மருந்துகளை கண்காணிக்கிற அரசு அமைப்பான எம்எச்ஆர்ஏ 2020 பிப்ரவரில வைக்கிற இடத்தையே மாத்தி சொன்னாங்க. மேல்கையில முன்தசைக்கும் பின்தசைக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கும், பெரிய நரம்பும் ரத்தக்குழாயும் அந்த வழியா தான் போகுது. இப்ப அந்தப் பள்ளத்துல இருந்து 3 முதல் 5 செ.மீ பின்னால தள்ளி, பின்தசை மேல வைக்கிறோம், முழங்கை உள்பக்க எலும்புல இருந்து 8 முதல் 10 செ.மீ மேல. தோலுக்கு கீழ விரல்ல தட்டுப்படற குச்சியைப் பத்தி மாமியார் பயப்பட வேண்டாம்.

எப்ப பயப்படணும்னா, தடவினா தட்டுப்படவே இல்லன்னா. அன்னையில இருந்து உங்களுக்கு கருத்தடை இல்லன்னே வச்சிக்கிட்டு காண்டம் போடணும், க்ளினிக்குக்கு சொல்லணும், தேவைப்பட்டா பிரெக்னன்சி டெஸ்ட் பண்ணிப்பாங்க. எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் வச்சு கையில தேடுவாங்க, அங்க இல்லன்னா தான் நெஞ்சு எக்ஸ்ரே. 2010க்கு முன்ன இருந்த இம்ப்ளனான்ங்கற பழைய வகை குச்சி எக்ஸ்ரேல தெரியாது, நாங்க படாத பாடு பட்டோம். இப்ப உள்ளதுல பேரியம் சல்ஃபேட் சேர்த்திருக்காங்க, பளிச்சுன்னு தெரியும். ஆழமா போயிருந்தா அதை எடுக்கவே தனி ஸ்பெஷலிஸ்ட் சென்டர் இருக்கு, எங்க இருக்குன்னு தெரியாம கீறித் தேடறேன்னு யாராவது சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

இடம் சிவந்து சூடா இருந்தா, சீழ் வந்தா, காய்ச்சல் அடிச்சா, முனை தோலைக் கிழிச்சு எட்டிப் பார்த்தா அன்னைக்கே போகணும். நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது, இருமினா ரத்தம், இதுக்கு காரணம் இம்ப்ளான்டா வேறயான்னு யோசிக்கவே கூடாது, நேரா ஆம்புலன்ஸுக்கு 999.

ஒரு கேள்வி மீனு: விரல்ல மரத்துப்போறது, சுருக்கு சுருக்குன்னு குத்தறது, கையில பிடிப்பு குறையறது, இப்படி ஏதாவது இருக்கா?

லெஸ்டர்_மீனு:
அக்கா நீங்க கேட்ட உடனே பக்குன்னு ஆயிடுச்சு. ரெண்டு முனையும் தட்டுப்படுது, வலி இல்ல, காய்ச்சல் இல்ல. ஆனா சுண்டு விரலும் மோதிர விரலும் ரெண்டு வாரமா அப்பப்ப மரத்துப்போகுது, அதுவும் இடது கையில தான். காலைல எந்திரிக்கும்போது ஜாஸ்தி. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு தோணவே இல்ல, தூங்கின வாக்குல வந்ததுன்னு விட்டுட்டேன்.

திருச்சி_நர்ஸ்:
அப்ப மூணு வாரம் வேண்டாம். அந்த ரெண்டு விரலுக்கு போற நரம்பு மேல்கை உள்பக்கமா தான் இறங்குது. குச்சி தான் காரணம்னு நான் சொல்லல, ஆனா நேர்ல தொட்டுப் பார்க்காம அது இல்லன்னும் சொல்ல முடியாது. நாளைக்கு காலைல இம்ப்ளான்ட் வச்ச க்ளினிக்குக்கே போன் போட்டு, நகர்ந்துச்சுன்னு மட்டும் சொல்லாம விரல் மரத்துப்போகுதுன்னு முதல் வாக்கியத்துலயே சொல்லுங்க, அப்ப தான் சீக்கிரம் கூப்பிடுவாங்க. லைன் கிடைக்கலன்னா என்எச்எஸ் ஆலோசனை நம்பர் 111க்கு போடுங்க. இன்னைக்கே பேனாவால ரெண்டு முனையிலயும் புள்ளி வச்சு, தழும்பும் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வச்சிக்கோங்க.

ஹாரோ_ராணி:
ஓம், உந்த ஃபோட்டோ நல்ல யோசனை. தடவித் தடவி இன்னும் தள்ளிப்போடாதேங்கோ பிள்ளை.

லெஸ்டர்_மீனு:
அப்டேட். போன் போட்ட மூணாவது நாளே கூப்பிட்டாங்க. அந்த டாக்டரம்மா முதல்ல கண்ணை மூடிட்டு விரலால தடவினாங்க, அப்புறம் இன்ச் டேப் வச்சு அளந்தாங்க, தழும்புல இருந்து ஒன்றரை செ.மீ தான் தள்ளியிருக்காம், எனக்கென்னவோ அரை அடி மாதிரி தெரிஞ்சுது. அடுத்த ரூம்ல அல்ட்ராசவுண்டும் பார்த்தாங்க, ஜெல் ஐஸ் மாதிரி இருந்துச்சு. குச்சி திரையில சின்ன வெள்ளைப் புள்ளி, அதுக்கு கீழ கறுப்பா நிழல் விழுது, கொழுப்புல தான் இருக்கு, நரம்புல இருந்து நல்ல தூரம்னு காட்டினாங்க.

விரல் மரத்துப்போறதுக்கு காரணம் முழங்கையாம்! பாப்பா தோள்ல போட்டா தூங்க மாட்டா, இடது கையை மடக்கி அதுல தலையை வச்சு தான் ராத்திரி பூரா, அதுல முழங்கைகிட்ட அதே நரம்பு அழுந்துதாம். ஜிபிக்கு லெட்டர் எழுதிட்டாங்க, அதுவரைக்கும் கையை நீட்டி தூங்க சொன்னாங்க, பாப்பா விட்டா தானே. இம்ப்ளான்ட்டை எடுக்கணுமான்னு கேட்டாங்க, நான் இருக்கட்டும்னு சொல்லிட்டேன். மரத்துப்போறது ஜாஸ்தியானா இல்ல குச்சி தட்டுப்படலன்னா நேரா அவங்களையே கூப்பிட சொல்லியிருக்காங்க. மாமியார்கிட்ட வெள்ளைப் புள்ளி போட்டோவை அனுப்பினேன், அது வேற எதையோ காட்டி ஏமாத்தறாங்கன்னு பதில் வந்துச்சு.

ஹாரோ_ராணி:
அப்பாடா, நல்ல செய்தி. உங்கட கதையை வாசிச்சுப்போட்டு நானும் என்ர இம்ப்ளான்ட் அட்டையைத் தேடி எடுத்தன், ரெண்டாவது போட்டதுக்கு வாற மாசம் 3 வருசம் முடியப்போகுது, எனக்கு ஞாபகமே இல்லை. மாத்தோணுமோ எண்டு நாளைக்கு ஃபோன் அடிச்சுக் கேக்கோணும்.