வீட்ல செஞ்சு விக்கிற பொடி, தொக்குக்கெல்லாம் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எடுத்தே ஆகணுமா?

தாம்பரம்_பொடி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்லயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, பூண்டுத் தொக்கு செஞ்சு வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுத்து குடுத்துட்டு இருக்கேன், அபார்ட்மெண்ட் ஆளுங்களுக்குன்னு ஆரம்பிச்சது இப்ப கூரியர்ல வெளியூருக்கும் போகுது. மாசம் இருபதாயிரம் ரூபா வியாபாரம் ஆனாலே பெருசு. தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம் வேற கேக்குறாங்க. பக்கத்து பிளாக்காரர் ஒருத்தர் லைசென்ஸ் இல்லாம விக்கிறீங்க, புகார் குடுப்பேன்னு குரூப்லயே போட்டுட்டார். இவ்ளோ சின்ன அளவுக்கும் வேணுமா? பாக்கெட்ல வீட்டு அட்ரஸ் போடணுமாமே, பகல்ல நானும் மாமியாரும் மட்டும்தான் இருக்கோம், அதான் யோசனையா இருக்கு.

ரவா_உப்புமா:
வேணும் சிஸ்டர், ஆனா பயப்பட ஒண்ணும் இல்ல. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களை மாதிரி சின்ன அளவுல செய்றவங்களுக்கு லைசென்ஸ் தேவையில்ல, ரெஜிஸ்ட்ரேஷன் போதும். 2011 விதிகள் வந்தப்ப வருஷ விற்பனை 12 லட்சம் வரைக்கும் இதுக்குள்ளதான் வந்துச்சு, லாபம் இல்ல, மொத்த விற்பனை, அதைக் கவனிங்க. ஃபாஸ்காஸ்ங்கிற எஃப்எஸ்எஸ்ஏஐ வெப்சைட்ல ஃபோட்டோ, அடையாள அட்டை வச்சு நீங்களே போடலாம். ஃபீஸ் வருஷத்துக்கு 100 ரூபாதான், இதுக்குப் போயி ஏஜெண்ட்டுக்கு ஆயிரக்கணக்குல அழாதீங்க. அதிகாரிங்க ஏழு நாளுக்குள்ள ரெஜிஸ்ட்ரேஷன் குடுக்கணும், இல்ல காரணம் சொல்லி மறுக்கணும், இல்ல வந்து பாக்கப்போறோம்னு நோட்டீஸ் தரணும். ரெஜிஸ்ட்ரேஷன் வந்ததும் அதுல இருக்கிற 14 இலக்க நம்பரை குரூப்ல போட்டுடுங்க. தீபாவளிக்கு மட்டும் பலகாரம் செய்றவங்களும் எடுக்கணும்னு உணவுப் பாதுகாப்புத் துறை வருஷா வருஷம் அறிவிக்குது.

ஃபிரிமாண்ட்_தமிழன்:
நான் இருக்கிறது கலிஃபோர்னியா. இங்க 2013ல இருந்து வீட்டுச் சமையல் வியாபாரத்துக்குத் தனிச் சட்டம் இருக்கு. வெளிய வச்சாலும் கெடாத ஐட்டங்களை நேரடியா வித்தா சுலபம், கடை மூலமா வித்தா வீட்டு கிச்சனை வந்து பாத்துட்டுதான் விடுவாங்க, சாப்பாடு மாதிரி சுடச்சுட விக்கிறதுக்கு வேற சட்டம், அதுவும் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) நிர்வாகம் ஒத்துக்கிட்டாதான். நம்ம ஊர்ல பொடி விக்கிறவங்களையும் சிக்கன் பிரியாணி போடுறவங்களையும் வித்த தொகைய வச்சு ஒரே கோட்டுல நிறுத்துறோம், இது மாறியே ஆகணும். 2025 ஏப்ரல்ல பச்சை முட்டை மயோனைஸுக்கு தமிழ்நாட்ல ஒரு வருஷம் தடை போட்டாங்களே, அது ஐட்டத்தோட ஆபத்தைப் பாத்து போட்டது, எவ்ளோ விக்குதுன்னு பாத்து இல்ல. எல்லாத்தையும் அப்படித்தான் பிரிக்கணும், அப்பதான் ஆபீசர்களும் எங்க போகணுமோ அங்க போவாங்க.

மதுரை_அக்கா:
தம்பி சொல்றது சரிதான், ஆனா பூண்டுத் தொக்கை பொடியோட சேக்காதம்மா. புளி கம்மியாப் போட்டு, பூண்டு ஈரத்தோட எண்ணெய்க்குள்ள கெடந்துச்சுன்னா காத்துப் படாத எடத்துல வளர்ற கிருமி வரும், அது வாசனையிலயும் தெரியாது, ருசியிலயும் தெரியாது, ஆளையே சாய்ச்சிரும். புளியைக் கெட்டியாக் கரைச்சு ஊத்தி, நல்லாச் சுருண்டு எண்ணெய் பிரியிற வரைக்கும் கிண்டணும், பாட்டிலைக் கழுவி வெயில்ல காயவச்சு பொட்டு ஈரம் இல்லாமத்தான் அடைக்கணும், அப்பவும் ஃபிரிட்ஜ்ல வைக்கச் சொல்லி எழுது. எந்தத் தேதிச் சரக்கு யாருக்குப் போச்சுன்னு ஒரு நோட்டுல குறிச்சு வை, நாளைக்கு ஒண்ணுன்னா அதை மட்டும் திருப்பி வாங்கிக்கலாம். அட்ரஸ் போடாம இருக்க வழியில்ல, செஞ்சவங்க பேரு முழு முகவரியோட லேபிள்ல இருந்தாகணும், அதுவும் ஞாயந்தானே, வாங்கி சாப்புடுறவங்களுக்கு ஏதாச்சும்னா யாரைத் தேடிப் போவாங்க? எங்க பக்கம் மகளிர் குழுப் பொண்ணுங்க நாலு பேரு சேந்து ஒரு ரூம் வாடகைக்கு எடுத்து அங்கதான் செய்றாங்க, பதிவும் அந்த எடத்துக்குத்தான், பாக்கெட்லயும் அந்த அட்ரஸ்தான். உங்க பக்கமும் உன்னை மாதிரி விக்கிறவங்க இருப்பாங்கல்ல, கேட்டுப் பாரேன்.

தாம்பரம்_பொடி:
ரொம்ப நன்றிக்கா, எங்க பிளாக்லயே ரெண்டு பேர் கேக் செய்றாங்க, பேசிப் பாக்குறேன். ரூம் அமையுற வரைக்கும் வீட்டு அட்ரஸ்லயே ரெஜிஸ்ட்ரேஷன் போட்டுடுறேன், அதுவரைக்கும் தொக்கு ஆர்டர் எடுக்கல.