பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி ஆடுகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 2.5 இன்ச் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போட்டேன். அகலமும் நீளமும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. உயரம்தான் சிக்கல்: பழையது 9.5 மி.மீ., புதியது 7 மி.மீ. மூடியை முடுக்கிய பிறகும் உள்ளே மேலும் கீழும் ஆடுகிறது. லேப்டாப்பைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், டிஸ்க்கை லேப்டாப்போடு இணைக்கும் சாட்டா முனை தளர்ந்து, லேப்டாப்புக்கு டிஸ்க்கே தெரியாமல் போய்விடுகிறது. அம்மாவின் பழைய படங்களை எல்லாம் அதில்தான் ஏற்றியிருக்கிறேன், பயமாக இருக்கிறது.

இடைவெளியை நிரப்பும் 2.5 மி.மீ. பிளாஸ்டிக் சட்டம் பெட்டியில் வரவில்லை. தடித்த அட்டையை வெட்டி வைக்கலாமா, சூடு தாங்குமா? பக்கவாட்டுத் திருகுத் துளைகளின் உயரம் அடிப்பக்கத்திலிருந்துதான் கணக்கு, அதனால் மேல்பக்கம் ஒட்டுவதே சரி என்று நினைக்கிறேன். செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.