புதுப்பிப்பு: மருத்துவமனை பாக்கியும் மருந்துச் செலவும்

கடும் நோய்க்குப் பிறகு வரும் பில்லைப் பற்றி முன்பு எழுதியபோது, மொத்தத் தொகையை அப்படியே ஏற்காமல் இனவாரியான பில்லைக் கேட்டு வாங்கச் சொல்லியிருந்தோம். வாங்கியவர்கள் அடுத்து அதை டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு (வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சிகிச்சை விவரத் தாள்) வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒரே பரிசோதனை இரண்டு முறை ஏறியிருக்கிறதா, திருப்பிக் கொடுத்த மருந்து கழிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தவணை வேண்டுமானால், பாக்கியை கிரெடிட் கார்டில் தீர்ப்பதற்கு முன்பே கேளுங்கள். தீர்த்துவிட்டால் அது வட்டிக் கடன். மருத்துவமனையிடம் பேச ஒன்றும் மிஞ்சாது.

எங்களுக்குப் பெரிய கவலை மருந்தில்தான். கை இறுகும்போது பலர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பீட்டா பிளாக்கர் வகை இதய மருந்தைத் திடீரென நிறுத்தினால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும், நெஞ்சுவலி திரும்பலாம். நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டை சட்டென விட்டால், அதே வேலையைச் செய்யும் உடலின் சொந்த ஹார்மோனான கார்டிசாலின் சுரப்பு ஈடுகொடுக்காது. மெதுவாகக் கரையும் மாத்திரையை நசுக்கினால், நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக ரத்தத்தில் சேரும். அதற்குப் பதில் மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டி, "இதில் எது இனி தேவையில்லை, எதற்கு ஜெனரிக் (பிராண்ட் பெயர் இல்லாத அதே மருந்து) உண்டு?" என்று நேராகக் கேளுங்கள். வலிப்பு, தைராய்டு மருந்துகளில் மட்டும் அவரைக் கேட்காமல் பிராண்டை மாற்றாதீர்கள்.

வேலைக்குத் திரும்புபவர்கள் முடிந்தால் அரை நாளில் தொடங்குங்கள். களைப்பு பல நேரம் மறுநாள்தான் அடிக்கும். அதனால் ஓரிரு நாள் பார்த்த பிறகே நேரத்தைக் கூட்டுங்கள்.