சீட்டுக்கு அடியில் கழுவிய பிறகு ஏர்பேக் லைட் அணையவில்லை

கேள்வி:
கார் தரைவிரிப்பை ஷாம்பு போட்டுக் கழுவினேன். அதற்காக முன்சீட்டைக் கடைசிவரை தள்ளினேன். மறுநாளிலிருந்து ஏர்பேக் லைட் எரிந்தபடியே இருக்கிறது. ஹாரன், ஸ்டீயரிங் பட்டன் எல்லாம் சரி. ஈஎல்எம்327 (காரில் செருகும் மலிவான ஸ்கேனர்) போட்டால் கோளாறே இல்லை என்கிறது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிகிறது. கை வைக்கலாமா?

பதில்:
அந்த ஸ்கேனரோடு வரும் சாதாரண ஆப்கள் இன்ஜினின் கோளாறு எண்ணை (கோடு) மட்டும்தான் படிக்கும். எஸ்ஆர்எஸ், அதாவது ஏர்பேக் அமைப்பைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். கிளாக் ஸ்பிரிங் (ஸ்டீயரிங்கோடு சுழலும் வயர் சுருள்) அறுந்திருந்தால் ஹாரனும் பட்டனும் பெரும்பாலும் சேர்ந்தே போயிருக்கும். அதனால் சீட்டுக்கு அடியிலிருந்தே தொடங்குங்கள்.

முதலில் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மேனுவலில் கூடுதலாகச் சொல்லியிருந்தால் அத்தனை நேரம். விபத்தில் பேட்டரி துண்டானாலும் ஏர்பேக் விரியவேண்டும் என்பதற்காக, ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் உள்ள கெப்பாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும்.

பிறகு பூட்டை நெம்பி, வயரை இழுக்காமல் கனெக்டரைப் பிரியுங்கள். பின்னில் ஈரமோ பச்சைக் களிம்போ இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். உள்ளே ஒரு மெல்லிய ஸ்பிரிங் தகடு இருக்கும். கனெக்டரைப் பிரித்ததும் அது இரண்டு பின்னையும் ஷார்ட் செய்துவிடும். தவறி வரும் மின்சாரத்தில் ஏர்பேக் வெடிக்காமல் இருக்க. அதை வளைத்துவிடாதீர்கள். பாதி செருகினால் தகடு விலகாது, ஷார்ட் என்று லைட் எரியும். 'கிளிக்' கேட்கும்வரை அழுத்துங்கள்.

இன்னொரு பதில்:
ஏர்பேக்கிலோ பெல்ட் ப்ரீடென்ஷனரிலோ (விபத்தில் சீட் பெல்ட்டை இறுக்கும் பாகம்) மல்டிமீட்டரை வைக்கவே வைக்காதீர்கள். ஓம் அளக்கும்போது மீட்டரே மின்சாரம் அனுப்பும்; வெடிக்கலாம். பற்றவைக்கும் இழையின் தடை சுமார் 2 ஓம்தான். கனெக்டர் அழுக்கில் ஒன்றிரண்டு ஓம் கூடினாலே லைட் வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
ஒரு பின்னில் பச்சை இருந்தது. துடைத்துக் காயவைத்துச் செருகினேன், கிளிக் வந்தது. லைட் மட்டும் போகவில்லை.

பதில்:
பழைய கோடு நினைவில் இருக்கும். சில கார்களில் தானாக அணையும், பலவற்றில் ஸ்கேனரால் அழிக்கவேண்டும். பேட்டரியை மாட்டிய பின் முதல்முறை சாவி போடும்போது உள்ளே யாரும் உட்காரவேண்டாம், வெளியே நின்று கையை நீட்டித் திருப்புங்கள். அழித்தும் திரும்ப வந்தால் கோடை இங்கே போடுங்கள், எந்தப் பக்கம், தடை கூடுதலா குறைவா என்பது அதிலேயே இருக்கும். யாராவது ஏர்பேக்குக்குப் பதில் 2 ஓம் ரெசிஸ்டர் வைத்து லைட்டை அணைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். லைட் அணையும், அந்த ஏர்பேக் விரியாது.