எம்எஃப்சி: டெம்ப்ளேட் டயலாக்கில் மெசேஜ் மேப் கம்பைல் ஆகவில்லை

கேள்வி:
எந்த ரெக்கார்டு வகையானாலும் ஒரே டயலாக்கில் பட்டியலாகக் காட்ட, லிஸ்ட்டயலாக்<டி> என்று ஒரு டெம்ப்ளேட் கிளாஸ் எழுதியிருக்கிறேன். பேஸ், எம்எஃப்சி-யின் (விண்டோஸ் நிரல்களுக்கான மைக்ரோசாஃப்ட் சி++ லைப்ரரி) டயலாக் கிளாஸான சிடயலாக்இஎக்ஸ். சிபிபி ஃபைலில் மெசேஜ் மேப் (எந்த விண்டோஸ் செய்திக்கு எந்த ஃபங்ஷன் என்ற பட்டியல்) தொடங்க பிகின்_மெசேஜ்_மேப்(லிஸ்ட்டயலாக், சிடயலாக்இஎக்ஸ்) போட்டால் எரர் சி2955 (டெம்ப்ளேட் ஆர்க்யுமெண்ட் தரப்படவில்லை). லிஸ்ட்டயலாக்<டி> என்று மாற்றினால் 'டி' யாரென்றே தெரியாது என்கிறது. என்ன வழி?

பதில் 1:
அந்த மேக்ரோ விரியும்போது ஃபங்ஷனுக்கு முன்னால் 'டெம்ப்ளேட்<...>' வரி வருவதில்லை, அதனால்தான். இதற்கென்றே தனி மேக்ரோ இருக்கிறது:

பிகின்_டெம்ப்ளேட்_மெசேஜ்_மேப்(லிஸ்ட்டயலாக், டி, சிடயலாக்இஎக்ஸ்)

முடிவில் வழக்கமான எண்ட்_மெசேஜ்_மேப்() போதும். ஆனால் மேப் முழுவதும் ஹெடரில் இருக்க வேண்டும். சிபிபி-யிலேயே விட்டால் கம்பைல் ஆகும், லிங்க்கில் எல்என்கே2001 (ஃபங்ஷனின் வரையறை கிடைக்கவில்லை என்ற எரர்) வரும்.

பதில் 2:
மேக்ரோவுக்குள் காற்புள்ளி வராமல் பாருங்கள். பேஸ் இடத்தில் கிரிட்<டி, இன்ட்> என்று எழுதினால் ப்ரீபிராசஸர் அதை இரண்டு ஆர்க்யுமெண்டாக எடுத்துக்கொள்ளும். கோண அடைப்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. முதலில் சி4002 வார்னிங் (மேக்ரோவுக்கு ஆர்க்யுமெண்ட் அதிகம்), பிறகு சம்பந்தமில்லாத எரர்கள் வரிசையாக. யூஸிங் மூலம் ஒரு டெம்ப்ளேட் மாற்றுப்பெயர் வைத்து அதைக் கொடுங்கள்.

பதில் 3:
மேக்ரோவோடு மல்லுக்கட்டுவதைவிட கிளாஸை இரண்டாகப் பிரிப்பதே நல்லது. டெம்ப்ளேட் இல்லாத லிஸ்ட்டயலாக்பேஸ் ஒன்றில் மெசேஜ் மேப், டிக்ளேர்_டைனமிக் (ரன்டைமில் கிளாஸை அடையாளம் காண உதவும் மேக்ரோ) எல்லாம் இருக்கட்டும். அதன் ஜோடியான இம்ப்ளிமெண்ட்_டைனமிக் கிளாஸ் பெயரை ## (இரு சொற்களை ஒட்டும் ப்ரீபிராசஸர் குறி) வைத்து ஒட்டுவதால் லிஸ்ட்டயலாக்<டி>-யில் அது எப்படியும் உடையும்.

லிஸ்ட் கண்ட்ரோலுக்கு எல்விஎஸ்_ஓனர்டேட்டா ஸ்டைல் கொடுங்கள்; தரவை கண்ட்ரோல் வைத்திருக்காது, தேவைப்படும்போது நம்மிடம் கேட்கும். அப்படிக் கேட்கும் எல்விஎன்_கெட்டிஸ்ப்இன்ஃபோ செய்திக்கான ஹேண்ட்லர் பேஸில் இருந்து செல்டெக்ஸ்ட்(வரிசை, நெடுவரிசை) என்ற வர்ச்சுவல் ஃபங்ஷனை அழைக்கும். டெம்ப்ளேட்டில் மிஞ்சுவது ரெக்கார்டு வெக்டரும் அந்த ஓவர்ரைடும்தான். வெக்டர் அளவு மாறும்போதெல்லாம் வரிசை எண்ணிக்கையை கண்ட்ரோலுக்குச் சொல்ல செட்ஐட்டம்கவுண்ட்இஎக்ஸ் அழையுங்கள்.

ஹேண்ட்லரில் ஒன்றை மறக்காதீர்கள். செல்டெக்ஸ்ட் தரும் சிஸ்ட்ரிங் தற்காலிகமானது. அதன் பாயிண்டரை பிஎஸ்இசட்டெக்ஸ்ட்-இல் (கண்ட்ரோல் எழுத்தை எடுக்கும் பாயிண்டர்) வைத்தால் ஃபங்ஷன் முடிந்ததும் நினைவகம் போய்விடும், திரையில் குப்பை எழுத்து வரும். மாஸ்க்கில் எல்விஐஎஃப்_டெக்ஸ்ட் (எழுத்து கேட்கப்படுகிறது என்ற ஃபிளாக்) இருக்கிறதா என்று பார்த்து, பஃபரின் கொள்ளளவான சிசிஎச்டெக்ஸ்ட்மேக்ஸ் அளவுக்குள் நகலெடுங்கள்.

கேட்டவர்:
பிரித்துவிட்டேன், கம்பைல் ஆகிறது. எடிட் வசதிக்காக லிஸ்ட்டயலாக்<டி>-யிலிருந்து இன்னொரு டெம்ப்ளேட் கிளாஸை டிரைவ் செய்தேன். அதில் மட்டும் எம்_ரெக்கார்ட்ஸ் (ரெக்கார்டு வெக்டர்) கிடைக்கவில்லை என்கிறது.

பதில் 3:
பேஸ் 'டி'-யைச் சார்ந்தது. /பெர்மிஸிவ்- (சி++ தரநிலையைக் கண்டிப்பாகப் பின்பற்றும் கம்பைலர் ஆப்ஷன்) இருந்தால் கம்பைலர் அதற்குள் தானாகத் தேடாது. திஸ்->எம்_ரெக்கார்ட்ஸ் என்று எழுதுங்கள்.